மங்கலாய்த் தெரிவது கண்ணா, திரையா?



இரவு ரயிலில் ஊருக்குப் போகும்போது நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வண்டியின் வேகம் குறைந்ததும் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "எந்த ஸ்டேஷன்?" என்று பலகையைத் தேடுவோம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. மூக்குக் கண்ணாடி பைக்குள் இருந்தாலும், வெளியே தூறல் விழுந்தாலும், பிளாட்பாரத்தில் ஒற்றை விளக்கு எரிந்தாலும் ஊர்ப் பெயரை வாசித்துவிடுகிறோம். ஆனால் வீட்டில், நல்ல வெளிச்சத்தில், ஒரு முழத் தூரத்தில் இருக்கிற கணினித் திரையில் ஒரு மெனுவைத் திறந்தால், "ஒன்றும் தெரியவில்லையே" என்கிறோம். உடனே, "வயதாகிவிட்டது, கண் போய்விட்டது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

பல சமயங்களில் தவறு கண்ணில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. நிறத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் கண் மருத்துவனும் அல்லன், கணினி நிபுணனும் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். தூரத்தில் இருக்கிற ஒரு நிறம் இன்னொருவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் கணக்கு

இங்கே கரக்பூரில் நம்மவர் கூடும் ஒரு சிறிய சங்கத்தில் 11 ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவந்தவர் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயது 74. முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பிறகு பேரன் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுக்க, அதில் ஒரு கணக்கு மென்பொருளைப் போட்டு, அறுபத்தெட்டு வயதில் தானாகவே கற்றுக்கொண்டார். ஒரு ரூபாய் பிசகியதில்லை.

ஒரு பொதுக்குழுவில் இளைஞர் ஒருவர் எழுந்து, "பொங்கல் விழா நன்கொடையில் 3,400 ரூபாய் குறைகிறதே, ஐயா?" என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. கூட்டிப் பார்த்ததைச் சொன்னார். ஆனாலும் கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் வரவில்லை. முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் காலையில் மடிக்கணினியையும் ரசீதுக் கட்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இனிமே நம்மால ஆகாது. கண்ணு அவிஞ்சு போச்சு. வேற ஆளப் பாருங்க" என்றார். நானும், "சரி அண்ணாச்சி, வருஷ விழாவில் பொன்னாடை போர்த்தி மரியாதையாக விடுவித்துவிடலாம்" என்று சொன்னேன். அப்போது அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம்? ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிக்னல் சரியாகத் தெரியவில்லை என்று லோகோ பைலட் எழுதிக் கொடுத்தால், "உனக்குக் கண் சரியில்லை" என்று முதலில் அவரைக் கை காட்டுவதில்லை. போக்குவரத்துப் பிரிவு, லோகோ பிரிவு, சிக்னல் பிரிவு மூன்றிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து என்ஜினில் ஏறி, ஓட்டுபவர் இடத்திலிருந்தே அந்த சிக்னலைப் பார்ப்போம். மரக்கிளை மறைக்கிறதா, லென்ஸ் அழுக்கா, விளக்கின் முகம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இத்தனை ஆண்டுகள் இதைச் செய்த நான், அண்ணாச்சி விஷயத்தில் மட்டும் என்ஜினில் ஏறாமலே அவர் கண்ணின் மேல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கணக்கை ஒப்படைக்கும் முன் ஒரு முறை செய்து காட்டச் சொல்லி அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த மென்பொருளில் மெனுவின் பின்னணி வெள்ளை. எழுத்து வெளிர் சாம்பல். அம்புக்குறி ஒரு வரியின் மேல் போனால் அந்த வரி வெளிர் நீலமாகும், எழுத்து வெள்ளையாகும். வெளிர் நீலத்தின் மேல் வெள்ளை! நாம் எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த வரியைத்தான் வாசிக்க முடியாது. 'விழா நன்கொடை', 'நூலக நிதி' என்ற இரு தலைப்புகளும் மெனுவில் அடுத்தடுத்த வரிகள். அண்ணாச்சி விழாப் பணத்தில் சில ரசீதுகளை ஒரு வரி தள்ளி நூலக நிதியில் ஏற்றியிருந்தார். 3,400 ரூபாய் பத்திரமாக அங்கேயே இருந்தது. கண்ணாடி போட்டிருந்த எனக்கே அந்த வரி தெரியவில்லை.

நிறம் வேறு, வெளிச்சம் வேறு

இனிப் பாடத்துக்கு வருவோம். எழுத்து தெரிவதற்கு நிறம் முக்கியம் என்று நினைக்கிறோம். உண்மையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசம்தான் முக்கியம். சிவப்பும் பச்சையும் முற்றிலும் வேறு நிறங்கள். ஆனால் கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதினால் வாசிக்கத் திணறுவோம். இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று என்பதே காரணம்.

இந்த வித்தியாசத்தை எண்ணால் அளக்க ஒரு முறை இருக்கிறது. இணையத்துக்கான விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அது உள்ளது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. அந்த வெள்ளையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. இப்படி இரு நிறங்களின் வெளிச்சத்தையும் கண்டு, இரண்டோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். மிகக் குறைந்த விகிதம் 1. அதாவது வித்தியாசமே இல்லை. மிக அதிகம் 21. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ளது.

சில ஜோடிகளைக் கணக்கிட்டுத் தருகிறேன்:

வெள்ளையின் மேல் கறுப்பு – 21
மஞ்சளின் மேல் கறுப்பு – 19.6
நீலத்தின் மேல் வெள்ளை – 8.6
சிவப்பின் மேல் வெள்ளை – 4
வெள்ளையின் மேல் நடுத்தரச் சாம்பல் – 4-க்குச் சற்றுக் குறைவு
கறுப்பின் மேல் நீலம் – 2.4
வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் – 1.8
வெளிர் வான நீலத்தின் மேல் வெள்ளை – 1.7
கரும்பச்சையின் மேல் சிவப்பு – 1.3
வெள்ளையின் மேல் மஞ்சள் – 1.1

பட்டியலில் இரண்டாம் வரியைப் பாருங்கள். அதுதான் நம் ஸ்டேஷன் பலகை. எட்டாம் வரி, அண்ணாச்சி தடுக்கி விழுந்த இடம். மஞ்சள் என்ற ஒரே நிறம் கறுப்போடு சேர்ந்தால் 19.6, வெள்ளையோடு சேர்ந்தால் 1.1. ஆகவே 'நல்ல நிறம், கெட்ட நிறம்' என்று ஒன்றும் இல்லை. நல்ல ஜோடி, கெட்ட ஜோடி என்றுதான் உண்டு.

எவ்வளவு இருந்தால் போதும்? சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்கிறது அந்த வழிகாட்டி. இன்னும் வசதியாக வாசிக்க 7. இந்த 4.5 என்ற எண் எப்படி வந்தது என்பது நம் வயதினருக்குச் சுவையான செய்தி. நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும். ஆனால் சுமார் எண்பது வயதில் பலருக்கும் பார்வை, நம் கண் மருத்துவர் சீட்டில் எழுதுகிறாரே, அந்த 6/12 அளவுக்கு இறங்கியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து 4.5 என்று வைத்தார்கள். 6/24 அளவில் இருப்பவர்களை நினைத்து 7 என்று வைத்தார்கள். ஆக, முதியவர் கண்ணையும் மனதில் கொண்டே விதி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பின்பற்றாத மென்பொருளைச் செய்தவர்கள்தான் தவறியவர்கள், நாம் அல்ல.

வயதான கண்ணில் நடப்பது என்ன?

கண்ணின் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வயதாக ஆக, கண்மணியின் துவாரம் சிறுத்துவிடும். இளமையில் இருட்டில் நன்றாக விரிந்தது போல இப்போது விரியாது. உள்ளே இருக்கும் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளித்துத் தடிக்கும். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேர்கிறது என்பது கண் நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மஞ்சளித்த லென்ஸ் நீல ஒளியை அதிகமாகத் தடுப்பதால், கருநீலமும் கறுப்பும் ஒன்று போலத் தெரியும். கறுப்புச் சட்டை என்று நினைத்துக் கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

மென்பொருளை வடிவமைக்கும் இளைஞருக்கு இருபத்தைந்து வயது. அவர் திரை புதியது. அவர் கண்ணுக்கு வெளிர் சாம்பல் எழுத்து மென்மையாகவும் நாகரிகமாகவும் தெரிகிறது. அதே எழுத்து நம் கண்ணுக்கு வரும்போது பாதி கரைந்துவிடுகிறது. இருவர் மேலும் கோபப்பட வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினால் போதும்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. எழுத்து மங்கினால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். அடுத்து மறைவது சுழி; 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மங்கினாலும் ஊகித்துக்கொள்ளலாம். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். நம் பிள்ளைகள் வெளியூரிலிருந்து தமிழில் அனுப்பும் செய்தியை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் எழுத்தின் அளவையும் வெளிச்ச வித்தியாசத்தையும் சேர்த்தே கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு மெனுவுக்கு மூன்று ஜோடி

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் கணினியில் பின்னணியைக் கறுப்பாக்கி, எழுத்தைப் பளிச்சென்ற மஞ்சளாக்கி, "இப்ப பாருங்க அண்ணாச்சி!" என்று பெருமையாகத் திருப்பி வைத்தேன். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி. ஆனா நான் எதத் தொடுதேனோ அது மட்டும் காணாமப் போவுதே!" என்றார். உண்மைதான். தேர்ந்தெடுத்த வரியின் பின்னணிக்கும் நான் மஞ்சளையே கொடுத்திருந்தேன். மஞ்சளின் மேல் மஞ்சள். பழைய வியாதியே வேறு நிறத்தில் திரும்பி வந்தது.

மெனு என்பது ஒரு நிறம் அல்ல. அதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் எழுத்து, பின்னணி என்று ஒரு ஜோடி உண்டு.

ஒன்று, சாதாரண வரி. மெனுவைத் திறந்ததும் தெரிவது. இதற்கு 7-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தேர்ந்தெடுத்த வரி. அம்புக்குறி நிற்கும் வரி. இதுதான் மிக முக்கியம். நாம் முடிவெடுக்கும் இடம் இது. இங்கே எழுத்து தெளிவாக இருப்பதோடு, பின்னணியும் மற்ற வரிகளிலிருந்து சட்டென்று பிரிந்து தெரிய வேண்டும். வெள்ளை மெனுவானால் கருநீலப் பட்டையில் வெள்ளை எழுத்து நன்றாக அமையும்.

மூன்று, செயல்படாத வரி. இப்போது பயன்படுத்த முடியாத கட்டளைகளைச் சாம்பலில் காட்டுவது கணினி வழக்கம். இது கொஞ்சம் மங்கலாக இருப்பதில் தவறில்லை. விதியிலும் இதற்கு விலக்கு உண்டு. ஆனால் சாதாரண வரியும் சாம்பல், செயல்படாத வரியும் சாம்பல் என்றால் எதை அழுத்தலாம், எதை அழுத்தக் கூடாது என்றே தெரியாது. பல பெரியவர்கள், "அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, கெட்டுப்போய்விட்டது" என்று கணினியை மூடி வைப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்று ஜோடியையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும். சிக்னலில் பச்சை எரிகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு எந்தத் தொழிலாளியும் வீட்டுக்குப் போவதில்லை. மஞ்சளும் சிவப்பும் எரிகின்றனவா என்றும் பார்த்தே கையெழுத்திடுவோம்.

மாற்றுவது எப்படி?

1990-களில் விண்டோஸ் 95-ல், மெனுவுக்கு ஒரு நிறம், தேர்ந்தெடுத்த வரிக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகக் கொடுக்க ஒரு பெட்டி இருந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வசதி வேறு பெயரில், வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள கணினியில் இப்படிச் செய்யுங்கள்:

1. 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தி 'செட்டிங்ஸ்' திறக்கவும்.

2. இடப்பக்கப் பட்டியலில் 'ஆக்ஸஸிபிலிட்டி' என்பதை அழுத்தவும்.

3. அதற்குள் 'கான்ட்ராஸ்ட் தீம்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் நான்கு தயார் நிலை அமைப்புகள் தெரியும்: அக்வாட்டிக், டெசர்ட், டஸ்க், நைட் ஸ்கை. டெசர்ட் மட்டும் வெளிர் பின்னணி. மற்ற மூன்றும் இருண்ட பின்னணி.

4. ஒன்றைத் தேர்ந்து 'அப்ளை' அழுத்தவும். சில விநாடிகள் பொறுக்கவும். திரை முழுவதும் மாறும்.

5. திருப்தி இல்லையென்றால் 'எடிட்' அழுத்தவும். பின்னணி, எழுத்து, இணைப்பு, செயல்படாத எழுத்து, தேர்ந்தெடுத்த எழுத்து, பொத்தான் எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் நிறக் கட்டம் இருக்கும். முன்பு சொன்ன மூன்று ஜோடிகளும் இங்கேதான் இருக்கின்றன. மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம்.

6. பழையபடி வேண்டுமானால் அதே இடத்தில் 'நன்' என்பதைத் தேர்ந்து 'அப்ளை' அழுத்தவும். பயப்பட வேண்டாம், கோப்புகள் எதுவும் அழியாது.

இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் ஆகிய மூன்று சாவிகளையும் ஒன்றாக அழுத்தினாலும் இந்த அமைப்பு வரும். மறுபடி அழுத்தினால் போகும். பேரன் பேத்திகளும் அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் இது நல்ல உபாயம். அதைவிட நல்லது, பெரியவருக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று தொடங்கிவிடுவது. அவரவர் நிறம் அவரவர் கணக்கில் இருக்கும், சண்டை வராது. விண்டோஸ் 10 இன்னும் வைத்திருப்பவர்கள் 'ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்' என்பதற்குள் 'ஹை கான்ட்ராஸ்ட்' என்று தேடவும்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்க அதே 'ஆக்ஸஸிபிலிட்டி'யில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. முதலில் நிறம், பிறகு அளவு என்று செய்யுங்கள். நிறத்தைச் சரி செய்யாமல் அளவை மட்டும் கூட்டினால், மங்கலான எழுத்து பெரிய மங்கலான எழுத்தாகும், அவ்வளவுதான்.

சில மென்பொருள்கள் கணினி சொல்வதைக் கேட்காமல் சொந்த நிறம் வைத்திருக்கும். அவற்றின் செட்டிங்ஸுக்குள் 'தீம்' அல்லது 'அப்பியரன்ஸ்' என்று தேடுங்கள். வேர்டு, எக்செல் போன்றவற்றில் 'ஃபைல்', 'அக்கவுன்ட்' என்று போனால் 'ஆபீஸ் தீம்' இருக்கும்.

கைபேசியில்தான் இன்று வங்கி, ரயில் டிக்கெட், மருந்துக் கடை எல்லாம் இருக்கிறது. ஆகவே அதையும் விடக் கூடாது. ஆண்ட்ராய்டு பேசியில் செட்டிங்ஸுக்குள் ஆக்ஸஸிபிலிட்டி போய், எழுத்து அளவு, தடித்த எழுத்து, 'ஹை கான்ட்ராஸ்ட்' என்று வரும் எழுத்து அமைப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். ஐபோனில் ஆக்ஸஸிபிலிட்டிக்குள் 'டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்' என்ற பக்கத்தில் 'போல்ட் டெக்ஸ்ட்', 'இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்' இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கறுப்புப் பின்னணியா, வெள்ளைப் பின்னணியா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பார்க்கும்போது அதிக வெளிச்சத்தால் கண்மணி சுருங்கும். துவாரம் சிறுத்தால் உருவம் கூர்மையாகும். ஆகவே பெரும்பாலோருக்கு இதுவே நல்லது. கோணல் பார்வைக்காகச் சிலிண்டர் நம்பர் போட்ட கண்ணாடி அணிபவர்களுக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து இழுபட்டு, ஓரம் கலைந்து தெரியலாம்.

ஆனால் கண்புரை உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. புரை விழுந்த லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பெரிய வெள்ளைத் திரை அவர்களுக்கு எதிர் வண்டியின் ஹெட்லைட் போலக் கூசும். அவர்களில் பலருக்கு இருண்ட பின்னணியே சுகம். இரண்டையும் இரண்டு நாள் வீதம் வைத்துப் பார்த்து, மாலையில் எதில் கண் களைப்பு குறைவு என்று கவனித்து முடிவு செய்யுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை வைக்காமல் பக்கவாட்டில் வைப்பதும் பெரிய உதவி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் இது மிக அதிகம். 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ரயில் விபத்து நடந்தபின், ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் ரயில்வே ஊழியர்களுக்கு நிறப் பார்வைச் சோதனை வேண்டும் என்று வற்புறுத்தி, வண்ணக் கம்பளி நூல்களை வைத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1917-ல் ஜப்பானின் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை வந்தது. ரயில்வே வேலைக்குப் போன நம்மவர் பலர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஊழியர் கண்ணைச் சோதித்ததோடு ரயில்வே நிற்கவில்லை. நிறத்தோடு வடிவத்தையும் இடத்தையும் சேர்த்தது. பழைய கை சிக்னலில் டிஸ்டன்ட் சிக்னலின் கை மஞ்சள் மட்டுமல்ல. அதன் நுனி மீன் வால் போலப் பிளந்திருக்கும். விளக்கு சிக்னலில் சிவப்பு எப்போதும் கீழே இருக்கும். நிறம் ஏமாற்றினாலும் வடிவமும் இடமும் காப்பாற்றும்.

கணினியிலும் இதையே கடைப்பிடியுங்கள். நம் சங்கங்களில் கணக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள் பாக்கியைச் சிவப்பிலும் வரவைப் பச்சையிலும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் 'பாக்கி', 'வரவு' என்று ஒரு சொல்லும் போடுங்கள். நிறம் தெரியாதவருக்கும், கறுப்பு வெள்ளையில் நகல் எடுப்பவருக்கும் அது உதவும்.

உங்கள் திரையை நீங்களே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆக்ஸஸிபிலிட்டியில் 'கலர் ஃபில்டர்ஸ்' என்பதைத் திறந்து 'கிரேஸ்கேல்' போடுங்கள். திரை பழைய கறுப்பு வெள்ளைப் படம் போலாகும். அப்போதும் மெனுவின் மூன்று நிலைகளையும் வாசிக்க முடிந்தால் உங்கள் ஜோடிகள் சரி. எந்த வரி கரைந்து போகிறதோ, அந்த ஜோடியை மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை

அண்ணாச்சி கதையின் மீதியைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மூன்று ஜோடியையும் சரி செய்த பிறகு அவர் ரசீதுக் கட்டை ஒரே மாலையில் ஏற்றி முடித்தார். ஆனால் நடுநடுவே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைக் கவனித்தேன். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மெனுவை வாசிக்கச் சொன்னேன். வலக் கண்ணில் கடகடவென்று வாசித்தார். இடக் கண்ணில், "மேகம் கட்டுன மாதிரி இருக்கு" என்றார். அத்தனை நாள் ஒரு கண் மற்றதன் குறையை மூடிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இடக் கண்ணில் கண்புரை முற்றியிருந்தது. அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள்.

ஆகவே இதை மறக்க வேண்டாம்: நிறத்தை மாற்றுவது கண்ணுக்கு உதவி, வைத்தியம் அல்ல. மாற்றிய பிறகும் மங்கலாக இருந்தாலோ, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமலே பார்வையைத் தின்றுவிடக்கூடியது. அதற்குத் திரையின் நிறத்தில் மருந்து கிடையாது. இதற்கு மாறாக, மருத்துவரிடம் போய் எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகும் மெனு தெரியவில்லை என்றால் மனம் தளராதீர்கள், நிறத்தைப் பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும்.

அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி மறுபடி மடிக்கணினியோடு வந்தார். "தம்பி, இந்த மஞ்சளு இப்ப கண்ண அறையுதுய்யா, கொஞ்சம் கொறச்சு வையி" என்றார். மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்த் தெளிவான லென்ஸ் வந்ததால் எல்லா நிறமும் கூடிவிட்டது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, கருநீலப் பட்டை என்று மாற்றிக் கொடுத்தேன். கண் மாறும்போது நிறத்தையும் மாற்ற வேண்டும். ஒரு முறை செய்து மறந்துவிடுகிற வேலை அல்ல இது.

அடுத்த பொதுக்குழுவில் அண்ணாச்சியே எழுந்து, 3,400 ரூபாய் எங்கே போயிருந்தது என்பதை வரி வரியாக வாசித்தார். கேள்வி கேட்ட இளைஞர் வந்து அவர் காலைத் தொட்டார். இப்போது இருவரும் சேர்ந்துதான் கணக்குப் பார்க்கிறார்கள். பொன்னாடை அலமாரியிலேயே இருக்கிறது.

வீட்டுப் பாடம்

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்குப் பிள்ளைகள் ஒரு ஊரில், உறவுகள் ஒரு ஊரில். பெற்றோர் தாமே டிக்கெட் எடுக்கவும், தாமே வங்கிக் கணக்குப் பார்க்கவும், பேரனின் கடிதத்தைத் தாமே வாசிக்கவும் முடிவது சிறிய விஷயம் அல்ல. அந்தச் சுதந்திரம் சில சமயம் ஒரு மெனுவின் நிறத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இளைய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவோ, அம்மாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமான வெளிச்சத்தில், அவர்கள் திரைக்கு முன்னால் உட்காருங்கள். அவர்கள் தினமும் திறக்கும் மெனுவைத் திறந்து, மூன்று ஜோடியையும் பாருங்கள். "இது தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், சங்கடத்தில், "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிடுவார்கள். "இந்த வரியை வாசியுங்கள்" என்று சொல்லுங்கள். உண்மை வெளிவரும்.

"தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால், என்ஜினில் ஏறி அவர் இடத்திலிருந்து பாருங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.